தம்பிக்கு உடோன்: உப்பு எங்கே போகிறது?

மாணவர்களே, வீட்டில் ஒன்றரை வயதுத் தம்பியோ தங்கையோ உண்டா? ஜப்பானில் அந்த வயதுக் குழந்தைகளுக்கு அடிக்கடி ஊட்டப்படும் உணவு உடோன். கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் மூன்றும் சேர்ந்த தடித்த நூடல்ஸ் இது.

உப்பு எதற்கு? ஈரமான கோதுமை மாவில் புரதங்கள் இணைந்து குளூட்டன் என்னும் வலையாகின்றன. உப்பு அந்த வலையை இறுக்குகிறது. கொதிநீரில் இட்டதும், செறிவு மிகுந்த நூடல்ஸிலிருந்து செறிவு குறைந்த நீருக்கு உப்பு பரவுகிறது. ஆகவே நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, நூடல்ஸை அலசுங்கள். பெரும்பகுதி உப்பு நீங்கிவிடும்.

1 முதல் 3 வயது வரை ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே அந்த அளவு உப்பு இருக்கும்! அதற்குப் பதிலாக கேரட், பூசணி வேகவைத்த சாற்றை ஊற்றலாம்.

கூடுதல் நேரம் வெந்தால் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பும். விரலால் எளிதில் நசுங்கும் பதமே சரி. கடைவாய்ப் பற்கள் முழுமையாக முளைத்திராத வயது. நீண்ட நூடல்ஸ் தொண்டையில் அடைக்கலாம். 1 அல்லது 2 சென்டிமீட்டராக நறுக்குங்கள்.

பக்வீட் மாவில் செய்யும் சோபா நூடல்ஸ் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். உப்பைப் போலவே அதன் புரதமும் நீரில் கலக்கும். எனவே சோபா வெந்த நீரில் உடோனை வேகவைக்காதீர்கள். கோதுமையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதன்முறை சிறிதளவே கொடுங்கள், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.