டீ ஒண்ணு... சர்வர் எத்தனை?

காலை எட்டே முக்கால். ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ ஸ்டேஷன் படியிறங்குற காலேஜ் கூட்டம், நேரா டீக்கடையில் ஐக்கியம். ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையில் மொபைல். க்யூ.ஆர். கோடைக் காட்டின அடுத்த நொடி, 'பதினஞ்சு ரூபாய் வந்தாச்சு'னு கடைப் பெட்டி குரல் கொடுக்குது.

'இதுல என்ன பாஸ் விசேஷம்?'னு கேட்கறீங்களா? அந்தப் பதினஞ்சு ரூபாய் போற ரூட்டைப் பாருங்க. முதல்ல உங்க 'ஆப்'போட கம்ப்யூட்டர், நடுவுல என்.பி.சி.ஐ., அப்புறம் உங்க பேங்க், கடைக்காரரோட பேங்க். எல்லாமே டேட்டா சென்டர்கள்ல வரிசையா நிக்கிற சர்வர்கள். போன் கேட்கத்தான் செய்யுது. கணக்கு பார்க்கறது சர்வருக்குள்ள இருக்கிற பிராசஸர்!

2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமாச்சு. அதே செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைக்கு இறக்கிச்சு. 2023 ஆகஸ்ட்ல, ஒரே மாசத்துல யு.பி.ஐ. பரிவர்த்தனை 1,000 கோடியைத் தாண்டியாச்சு!

எத்தனை போனுக்கு ஒரு சர்வர்? 2010-களின் தொடக்கத்துல இன்டெல் சொன்ன தோராயக் கணக்கு, 600 ஸ்மார்ட்போனுக்கு ஒண்ணு. வீடியோ, ஏ.ஐ.னு வேலை பெருத்ததுல அந்தக் கணக்கு பழசாகிடுச்சு.

மதியம் ஒரு மணிக்கு மெஸ்ஸுக்குப் போயிருக்கீங்களா? நாலு மணிக்கு ரெண்டு சர்வர் போதும். ஒரு மணிக்குப் பத்துப் பேர் வேணும். இங்கேயும் அதே கதைதான். சராசரிக்கு இல்ல, உச்சக் கூட்டத்துக்குத் தகுந்த மாதிரி பிராசஸர் வாங்கணும். இல்லைன்னா? செமஸ்டர் ரிசல்ட் அன்னிக்கு சைட் சுத்திக்கிட்டே இருக்குமே, அதான் நடக்கும்!

இன்னொரு செலவும் இருக்கு. 2015 டிசம்பர் ஞாபகமிருக்கா? அடையாறு பொங்கி ஈக்காட்டுத்தாங்கலுக்குள்ள வந்துச்சு. கரன்ட் போய் டவர்கள் படுத்ததுல, கையில் போன் இருந்தும் வீட்டுக்குப் பேச முடியாம தவிச்சவங்க ஏராளம். ஊர் மூழ்கினாலும் பேங்க் கணக்கு மூழ்கக் கூடாதில்லையா? அதனால, வேற ஊர்ல இன்னொரு செட் சர்வர் தயாரா நிக்கணும்.

இத்தனை சர்வருக்கும் கரன்ட் பில்? அங்கேதான் செம ட்விஸ்ட்! பேட்டரியை மிச்சம் பிடிக்கிறதுல பேர் வாங்கி, போன்களைப் பிடிச்சது 'ஆர்ம்' டிசைன். அதே டிசைனில் 2018-ல் 'கிராவிட்டான்' பிராசஸரைக் கொண்டுவந்து, தன்னோட டேட்டா சென்டரில் உட்கார வெச்சது அமேசான். போன் சர்வருக்கு வேலை வெச்சதோட நிக்கலை. எப்படிச் சிக்கனமா வேலை செய்யணும்னும் சொல்லிக் கொடுத்திருக்கு!

நம்ம ஊரில் அம்பத்தூர், சிறுசேரினு டேட்டா சென்டர்கள் வளர்ந்திருக்கு. கடலடி கேபிள்கள் சென்னையில் கரையேறுறது முக்கியக் காரணம். கோடிங் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் சான்ஸ்னு நினைக்காதீங்க. சிப் டிசைனுக்கு இ.சி.இ., கரன்ட்டுக்கு ட்ரிபிள் இ, சூட்டைத் தணிக்க மெக்கானிக்கல்... எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் உள்ளே இடமிருக்கு.

அடுத்த தடவை 'பேமென்ட் பெண்டிங்'னு வந்தா, கடைக்காரரை முறைக்காதீங்க. எங்கேயோ ஒரு சர்வர் பந்தி பரிமாறிக்கிட்டிருக்கு. எதுக்கும் பாக்கெட்ல ஒரு இருபது ரூபாய் நோட்டு இருக்கட்டும்!