மலையேறும் சைக்கிள் – 4: முதலில் பல்லை எண்ணுங்கள்

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் சைக்கிளை, அதுவும் கொட்டகலையில் ஓட்டுவதற்கென்று வாங்கும் சைக்கிளை, பல்லை எண்ணாமல் வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. போன வாரம் சட்டத்தின் உயரத்தைப் பார்த்தோம். இந்த வாரம் கியர், பிரேக், டயர். மூன்றில் கியருக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். மலையகத்தில் சைக்கிள் ஏன் வேர்விடவில்லை என்பதற்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வாத்தியாரும் தோட்டக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் சைக்கிளில் போய் வந்த காலத்தில், இங்கே லயத்திலிருந்து கடைவீதிக்கு வர நடைதான், பிறகு பஸ், பிறகு ஆட்டோ. நம் ஆட்களுக்குச் சைக்கிள் பிடிக்காமல் போகவில்லை. கியர் இல்லாத பழைய சைக்கிளில் முன் செயின்வீலுக்கு 44 பல், பின் பிரீவீலுக்கு 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் அளவுக்கு முன்னால் போகும். சுன்னாகத்துச் சந்தைக்குப் போக அது அருமையான கணக்கு. பத்தனையிலிருந்து மேலே எந்தத் தோட்டத்து ரோட்டிலாவது அதை மிதித்துப் பாருங்கள். அரைக் கிலோமீட்டரில் இறங்கித் தள்ளத் தொடங்கிவிடுவீர்கள்.

2022 ஜூன் 27ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு யாருக்கும் ஜூலை 10 வரை எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தபோது நாடு முழுவதும் சைக்கிள் கடைகளில் கூட்டம் கூடியது. கொழும்பில் கோட்டு போட்டவர்களும் மிதித்தார்கள். மலையகத்திலும் வாங்கினவர்கள் உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்த வீடுகளில் அந்தச் சைக்கிள்கள் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்த கையோடு சுவரில் சாய்ந்தவைதான். தட்டை நிலத்துக்குச் செய்த வண்டியை மலைக்கு வாங்கினால் சுவர்தான் அதற்குத் தரிப்பிடம்.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கலும் இல்லை. பிரான்சில் சென்ட் எத்தியென் என்ற மலைப்பாங்கான ஊரில் போல் தெ விவி என்றொரு பத்திரிகைக்காரர் இருந்தார். வெலோசியோ என்பது புனைபெயர். 1887இல் சைக்கிளுக்கென்றே பத்திரிகை தொடங்கியவர். மலை ஏறுகிற மனிதனுக்குப் பல கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் டூர் டி பிரான்ஸ் போட்டியை நடத்திய ஹென்றி தெகிராஞ்ச். கியர் என்பது பலவீனர்களுக்கு என்பது அவருடைய எண்ணம். அவருடைய போட்டியில் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, மறுபக்கத்துப் பல்லில் ஏறினார்கள். 1937இல்தான் அங்கே கியர் மாற்றிக்கு அனுமதி கிடைத்தது. அப்போது வெலோசியோ உயிரோடு இல்லை. இன்றும் நம் இளைஞர்களில் தெகிராஞ்சின் வாரிசுகள் நிறைய. சின்ன கியர் போட்டு ஏறினால் மானம் போய்விடும் என்று நினைக்கிறார்கள்.

கடைக்குப் போனால், “அண்ணே, இது 21 கியர்” என்பார்கள். எத்தனை கியர் என்பதை வைத்து ஒன்றும் தெரியாது. கேட்க வேண்டியவை இரண்டே எண்கள்: முன்னால் உள்ளதில் மிகச் சிறிய செயின்வீலுக்கு எத்தனை பல், பின்னால் உள்ளதில் மிகப் பெரியதற்கு எத்தனை பல்.

ரோட் பைக் பலவற்றில் முன்னால் 50, 34. பின்னால் 11இலிருந்து 28 வரை. ஆகச் சிறிய கியரில் 34க்கு 28. ஒரு மிதிக்கு 2.6 மீட்டர். 65 கிலோ உடம்பு, 12 கிலோ சைக்கிள், நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ரோடு என்று கணக்குப் போட்டால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க ஏறக்குறைய 165 வாட் சக்தி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவருக்கு அது கால் மணி நேரத்தில் மூச்சை வாங்கிவிடும். பின்பல்லை 34 ஆக்கினால் 140 வாட் போதும். முன்னால் மூன்று வீல் உள்ள வண்டியில் 28க்கு 34 கிடைத்தால் 115 வாட், பேசிக்கொண்டே ஏறலாம். வேகம் மணிக்கு ஆறரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதற்கும் கீழே போனால் வண்டி தள்ளாடும், அப்போது இறங்கி நடப்பதே மேல்.

எடையையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 12 கிலோ வண்டிக்குப் பதில் இரண்டு மடங்கு விலை கொடுத்து 10 கிலோ வண்டி வாங்கினால், ஆளும் வண்டியும் சேர்ந்த 77 கிலோவில் குறைவது இரண்டு கிலோ. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பின்பல்லை மாற்றும் செலவோ சின்னது, லாபமோ அதைப்போல் ஐந்து மடங்கு. கார்பன் சட்டத்தைத் தட்டிப் பார்த்து மயங்குகிறவர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிளை வாங்குகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பின்னால் ஏழு பல்சக்கரம் கொண்ட திருகு பிரீவீல் இருந்தால், ஷிமானோவின் 14–34 பிரீவீலை அதே இடத்தில் பூட்டலாம். கடைசிப் பல் மட்டும் திடீரென்று பெரிதாக இருக்கும். பார்க்க அழகில்லை, ஏற்றத்தில் அதன் அருமை தெரியும். பின் கியர் மாற்றி நீளமானதாக இருக்க வேண்டும், செயினையும் நீட்ட வேண்டியிருக்கும். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஏறியதை இறங்க வேண்டுமே. நானுஓயா ரயில் நிலையம் 1,600 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தலவாக்கலை 1,200 மீட்டர் அளவில். அந்த 400 மீட்டரையும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், ஒரு லீட்டர் தண்ணீரைக் கிட்டத்தட்டக் கொதிக்க வைக்கும் வெப்பம் பிரேக்கில் சேரும். ரிம்மில் பிடிக்கும் ரப்பர் பிரேக் என்றால் அந்தச் சூடு டியூபுக்குப் பக்கத்திலேயே ஏறுகிறது. கார்பன் ரிம்மில் அது இன்னும் ஆபத்து. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ரிம் நனைந்திருக்கும், பிடித்தவுடன் நிற்காது. ஆகவே கொட்டகலைக்கு டிஸ்க் பிரேக் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. எண்ணெயில் இயங்கும் டிஸ்க் மென்மையானதுதான், ஆனால் காற்று புகுந்துவிட்டால் அதை எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கம்பி இழுக்கும் டிஸ்க்கை ஒரு சாவியை வைத்துக்கொண்டு நீங்களே சரிசெய்யலாம். நான் கம்பிக்குத்தான் வாக்களிப்பேன். பிரேக் கட்டையில் ரெசின் வகை மழையில் சீக்கிரம் தேயும். உலோகத் தூள் கலந்தது சத்தம் போட்டாலும் தாங்கும்.

கை சிறியவர்கள், முக்கியமாகப் பெண்கள், கடையிலேயே பிரேக் பிடியை விரல் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பிடிகளில் அதைக் கைப்பக்கம் கொண்டுவர ஒரு சின்ன திருகாணி உண்டு. கடைக்காரர் அதைத் தொட்டே இருக்க மாட்டார். நீங்களே திருகச் சொல்லுங்கள். எட்டிப் பிடித்துக்கொண்டே இறங்கினால் கீழே வருவதற்குள் மணிக்கட்டு மரத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நானுஓயா பக்கத்து ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வானும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தைப் பொழுதுபோக்குக்காக ஓட்டும் சைக்கிள்காரர் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே இல்லை. பிரதான வீதி நீளம், ஆனால் சரிவு மிதமானது; கொட்டகலையிலிருந்து தலவாக்கலை பக்கம் போனால் டெவோன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். பனிமூட்டம் இறங்கினால் பட்டப்பகலிலும் பின் விளக்கைப் போடுங்கள்.

டயரைப் பற்றி நீட்டப் போவதில்லை. 32 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். பிரதான வீதி காப்பட் போட்டது, சரி. டிரேட்டன் தோட்டத்துப் பக்கமோ ஸ்டோனிகிளிப் தோட்டத்துப் பக்கமோ திரும்பினால் கல்லும் குழியும்தான். மெல்லிய 23 டயரில் நூறு பி.எஸ்.ஐ. அடித்து ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் கணக்கு எழுதும். 65 கிலோ ஆளுக்கு 32 டயரில் 50, 55 போதும். அகல டயர் வேகத்தைக் குறைக்கும் என்று சொல்லிப் பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். கரடுமுரடான ரோட்டில் உண்மை அதற்கு நேர்மாறு. வாங்குமுன் சட்டத்துக்கும் டயருக்கும் இடையில் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள், மழைக்காலச் சேறு அங்கேதான் அடைக்கும்.

கையிலிருக்கும் காசு குறைவென்றால் சட்டத்தில் குறையுங்கள், நிறத்தில் குறையுங்கள், பெயரில் குறையுங்கள். பிரேக்கிலும் பல்லிலும் குறைக்காதீர்கள். சீட்டும் ஹேண்டிலும் அடுத்த வாரம். அதற்குள் யாராவது கடைக்குப் போவதாக இருந்தால் ஒன்றே ஒன்று: முன்னால் உள்ள மிகச் சிறிய வீலின் பல், பின்னால் உள்ள மிகப் பெரியதன் பல்லைவிட அதிகமாக இருந்தால் அந்தச் சைக்கிளை வாங்காதீர்கள், அல்லது பின்பல்லை மாற்றிக் கொடுத்தால்தான் காசு என்று சொல்லுங்கள்.