உங்களுக்குத் தெரியுமா? வந்த மறதி விலகுவதும் உண்டு!

சிலருக்கு வயதுக்கு மீறிய மறதி. ஆனாலும் அன்றாட வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்கிறார்கள். இந்த ‘லேசான அறிவாற்றல் குறைபாடு’ எல்லோருக்கும் டிமென்ஷியாவில் முடிவதில்லை. சிலருக்கு நினைவாற்றல் பழைய நிலைக்கே திரும்புகிறது!

● பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, காது மந்தம், குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கம் ஆகியவையும் மறதியைக் கூட்டும். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு. சில தூக்க மாத்திரைகளும், அலர்ஜி மாத்திரைகளும்கூடக் காரணமாகலாம்.

● அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2018 வழிகாட்டுதல் இக்குறைபாட்டுக்குப் பரிந்துரைத்தது வாரம் 2 முறை உடற்பயிற்சியை. மருந்துகள் பலன் தருவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

● பின்னர் 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகானெமாப் ஊசி, அல்சைமரின் ஆரம்ப நிலைக்கு மட்டுமே. மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு கட்டாயம்.

‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.