பல் வைத்தியத்தைப் பிறகு பார்க்கலாமா?

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் பெரியவர்கள் வாக்கு. ஆனாலும் தோட்டத்திலே நாம் பல்லை அவ்வளவு பெரிதாக நினைப்பதில்லை. வலித்தால் கிராம்பை வைத்து அடக்குகிறோம். ஆடினால் பிடுங்கிப் போட்டுவிடுகிறோம். காய்ச்சலுக்கு ஓடுகிற ஓட்டம் பல்லுக்குக் கிடையாது. சாதாரண உடம்புக்கு இந்த அலட்சியத்தின் விலை ஒன்றிரண்டு பற்களோடு போய்விடலாம். புற்றுநோய் கண்ட ஒருவருக்கோ, அந்த விலை தாடை எலும்பாகவே ஆகிவிடக்கூடும். கொள்ளைநோய் வந்து ஊரே கதவடைத்துக் கிடந்த நாட்களில் இந்த ஆபத்து இன்னும் கூடியது. அது எப்படி, நம் வீட்டில் ஒருவருக்கு அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதை வாசக அன்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாக்குத் தீவும் நம் வாயும்

பினாங்கு என்ற பெயரே 'பினாங்' எனும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் பாக்கு. மாநிலக் கொடியின் நடுவிலும் கமுகு மரமே நிற்கிறது. அந்தப் பாக்கோடு வெற்றிலையும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து மெல்லும் வழக்கம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வந்தது. பால்மரம் வெட்டப் போகும்போது பசியை மறக்கவும், களைப்பைப் போக்கவும் நம் பாட்டிமார் வாயில் அடக்கிக் கொண்டது அதுவே.

அதன் விளைவை இன்று மருத்துவர்கள் அறிவார்கள். நம் நாட்டில் 1993-94-ஆம் ஆண்டுகளில் பெரியவர்களின் வாயைப் பரிசோதித்து நாடு தழுவிய ஆய்வொன்று நடந்தது. வாய்ப் புற்றும் அதற்கு முன்னோடியான புண்களும் இந்தியரிடையேதான் மிகுதி என்று அதில் தெரியவந்தது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரக்கூடியதே என்று, உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட நூலில் தெளிவாக அறிவித்தது. தாம்பூலத் தட்டு விசேஷங்களில் இருக்கட்டும். வாயில் அடக்கி வைக்கும் பழக்கம் போகட்டும்.

பல்லுக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

வாய், நாக்கு, தொண்டை ஆகிய இடங்களில் புற்று வந்தால் பலருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தருகிறார்கள். அது புற்றைச் சுடும்போது அக்கம்பக்கத்தையும் விட்டுவைப்பதில்லை. முதலில் அடிபடுவது உமிழ்நீர்ச் சுரப்பி. நல்ல உடம்பில் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் ஊறுகிறது. பல்லைக் கழுவிக் காப்பது அந்த நீர்தான். அது வற்றினால் வாய் காய்ந்து, நன்றாயிருந்த பற்களும் சில மாதங்களிலேயே வேரோரம் சொத்தையாகி ஒடியத் தொடங்கும்.

அடுத்தது தாடை எலும்பு. கதிர் பட்ட எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துபோகிறது. பிறகு அவ்விடத்தில் ஒரு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல், எலும்பே செத்துப் போகக்கூடும். கீழ்த்தாடைக்கு இந்த ஆபத்து அதிகம். சிகிச்சை முடிந்து பல வருடங்கள் ஆனாலும் இது நீங்குவதில்லை. ஆகையால்தான், காப்பாற்ற முடியாத பற்களைக் கதிர்வீச்சு தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே எடுத்து, புண்ணை ஆறவிட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். முன்னால் எடுத்தால் பல் மட்டும் போகும். பின்னால் எடுத்தால் எலும்பும் போகலாம்.

மார்பகம், கருப்பை என்று வேறு இடங்களில் புற்று வந்தவர்களும் பல்லை மறந்துவிடக் கூடாது. கீமோ மருந்து ஏற்றினால் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை அவை மிகக் குறைந்திருக்கும். அந்தச் சமயத்தில் ஈறிலுள்ள சின்னச் சீழ்கூட உடம்பு முழுவதும் பரவி உயிருக்கே உலை வைக்கலாம். புற்று எலும்புக்குப் பரவியவர்களுக்குப் போடும் சில ஊசிகளும் தாடை எலும்பைப் பாதிப்பதுண்டு. எனவே அந்த ஊசிகளைத் தொடங்குமுன் பல் வைத்தியரைப் பார்ப்பது அவசியம்.

கதவடைத்த காலம்

நம் நாட்டில் 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. ஏப்ரலில், வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும் விதித்தார்கள். சாலைதோறும் போலீஸ் தடுப்பு. செபராங் பிறையிலும் கெடாவிலும் உள்ள தோட்டத்து நோயாளிகளுக்குச் சிகிச்சை ஜார்ஜ்டவுன் பெரியாஸ்பத்திரியிலோ, தஞ்சோங் பூங்காவில் 1976 முதல் நடந்துவரும் மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனையிலோ, பெர்த்தாமில் புற்றுநோய்க்கும் பல்லுக்கும் சேர்த்தே அமைந்த யூ.எஸ்.எம். மருத்துவ நிலையத்திலோதான். பாலத்தைக் கடப்பதே அப்போது பெரும்பாடு.

பல் கிளினிக்குகளும் அவசரச் சிகிச்சையோடு நிறுத்திக்கொண்டன. அதற்குக் காரணம் உண்டு. பல்லைக் குடையும் இயந்திரம் தண்ணீரையும் எச்சிலையும் புகைபோலத் தெறிக்க வைக்கும். நோயாளி முகமூடியைக் கழற்றி வாயைத் திறந்தே ஆகவேண்டும். வைத்தியர் முகமோ ஒரு சாண் தூரத்தில். கிருமி பரவ இதைவிட வாய்ப்பு வேண்டுமா? (காற்றில் வரும் நோய்க்கு முகமூடி அவசியம் என்று 1910-11-இல் மஞ்சூரியாவின் கொள்ளைநோயின்போது வற்புறுத்தி, பஞ்சும் மெல்லிய துணியும் வைத்து முகமூடி செய்து கொடுத்த டாக்டர் ஊ லியென் தே நம் பினாங்கில் பிறந்தவர் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.)

உலகச் சுகாதார நிறுவனமும், தொற்று பரவியிருக்கும் இடங்களில் அவசரமில்லாத பல் சிகிச்சையைத் தள்ளிப் போடலாம் என்று 2020 ஆகஸ்ட்டில் ஆலோசனை சொன்னது. ஆனால் அவசரச் சிகிச்சை நிற்கக் கூடாது என்பதும் அதே ஆலோசனையில் இருந்தது. முக்கிய மருத்துவச் சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டிய பல் வேலையை அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2020 மார்ச்சிலேயே அவசரப் பட்டியலில் சேர்த்திருந்தது. மக்கள் பலர் காதில் விழுந்ததோ "பல்லுக்குப் பிறகு வாருங்கள்" என்ற பாதி மட்டுமே.

ஒரு மகளின் துணிவு

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தாய்க்கு நாக்கோரத்தில் புற்று. கதிர்வீச்சுக்கு முன் நான்கு பற்களை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஊரடைப்பு வந்தது. "இந்த நேரத்துல பல்லுக்குன்னு அலையணுமா? கொரோனா அடங்கட்டும்" என்றார் மகன். மகள் ஒரு கிளினிக்குக்குப் போன் செய்து, அம்மாவுக்குப் பல் எடுக்க வேண்டும் என்றாள். "அவசரமில்லை என்றால் பிறகு வாருங்கள்" என்று பதில் வந்தது. அவள் விடவில்லை. மறுபடியும் கூப்பிட்டு, "அம்மாவுக்கு வாயில் புற்றுநோய். கதிர்வீச்சு ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன் பல் எடுக்கச் சொல்லி டாக்டர் கடிதம் இருக்கிறது" என்றாள். அந்த வாரமே தேதி கிடைத்தது. "அண்ணே, இது பல்லு வைத்தியமில்ல. இதுவும் புத்து வைத்தியந்தான்" என்று அண்ணனிடம் சொல்லிக் கடிதத்தோடு புறப்பட்டாள். தடுப்பில் கடிதத்தைப் பார்த்த போலீஸ்காரர் வழிவிட்டார். பல் எடுத்த புண் ஆறிய பின்பே கதிர்வீச்சு தொடங்கியது.

சொன்ன வார்த்தை மாறியது, கதவு திறந்தது. கிளினிக்கில் இருப்பவர் நம் வீட்டு நிலைமையை எப்படி அறிவார்? நாம்தானே முழுதாகச் சொல்ல வேண்டும்?

நாம் செய்ய வேண்டியவை

புற்றுநோய் என்று தெரிந்தவுடனேயே டாக்டரிடம், "பல்லைக் காட்ட வேண்டுமா? எப்போது?" என்று கேளுங்கள். கடிதம் வாங்கி வையுங்கள். என்ன மருந்து, எத்தனையாம் தேதி ஏற்றினார்கள் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீட்டில் கரி, உப்பு, செங்கல் தூள் எதுவும் வேண்டாம். மிக மென்மையான பிரஷும் புளோரைடு கலந்த பற்பசையும் போதும். கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்குப் புளோரைடு அதிகமுள்ள பசை தேவைப்படலாம், வைத்தியரைக் கேளுங்கள். ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சோடா உப்பும் அதில் பாதியளவு சமையல் உப்பும் கரைத்து, ஒரு நாளில் பலமுறை கொப்பளியுங்கள். பிறகு வெறும் நீரால் கழுவுங்கள். சாராயம் கலந்த வாய்கழுவும் மருந்து எரிச்சல் தரும். கிராம்புத் தைலம் புண்ணைச் சுடும். வலிக்கிற ஈறில் மாத்திரையை நசுக்கி வைப்பது மகா தவறு.

வாய் காய்ந்தால் அடிக்கடி தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்கலாம். இனிப்புக் காப்பியும் மிட்டாயும் பல்லை அரிக்கும். கஞ்சி, தயிர்ச்சாதம், மசித்த கீரை போன்ற காரமில்லாத, மிருதுவான உணவே நல்லது. கதிர்வீச்சுக்குப் பின் தாடை இறுகிப் போகாமலிருக்க, டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி வாயைத் திறந்து மூடும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். பொய்ப்பல் கட்டியிருந்தால் இரவில் கழற்றி வையுங்கள்.

கதிர்வீச்சுப் பெற்றவர், எத்தனை வருடம் கழிந்திருந்தாலும், அந்த விவரத்தைச் சொல்லாமல் எங்கேயும் பல் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. இதை வீட்டில் எல்லாரும் மனதில் வைக்க வேண்டும்.

முகமோ தாடையோ வீங்கினால், காய்ச்சலோடு பல் வலித்தால், இரத்தம் நிற்காவிட்டால், எலும்பு வெளியே தெரிந்தால், எந்தக் கட்டுப்பாட்டுக் காலமானாலும் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோயில்லாதவர்களும் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள். மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கன்னத்தில் கட்டி ஆகியவற்றைக் கண்டால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வலியில்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் வாய்ப் புற்று வலிப்பதில்லை.

மலாயாவின் முதல் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி 1949-இல் தொடங்கப்பட்டது இதே பினாங்கில்தான். அப்பயிற்சி பெற்றவர்கள் பள்ளிக்கூடங்களுக்கு வந்து நம் பிள்ளைகளின் வாயைப் பார்த்து வந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அந்தக் கவனிப்பை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்து, 2022 ஏப்ரல் முதல் நாடு வழக்கமான வாழ்வுக்குத் திரும்பியது. இனியொரு கொள்ளைநோய் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்படி வந்தால் எல்லாரும் முகமூடி தேடி ஓடுவோம், அரிசி வாங்கி வைப்போம். வீட்டிலே புற்றுநோயாளி இருந்தால், அரிசி மூட்டைக்கு முன்பாக அவருடைய மருத்துவக் கடிதத்தைத் தேடி எடுங்கள். பல் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். நோயின் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள்.