பழுதுறும் ஹார்ட் டிஸ்க்கும் உத்தரவாத மாற்றமும்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வசித்து வருகின்றன. அப்பகுதியைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், ஐந்தாண்டுகளாகத் தாம் தயாரித்த விஞ்ஞானப் பாடங்களையும், மாணவர்களின் மதிப்பெண் பட்டியல்களையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் சேமித்து வைத்திருந்தார். ஒருநாள் அதிலிருந்து 'டக், டக்' என்ற ஓசை எழலாயிற்று. உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை என்று கடைக்காரர் கூறவே, அவர் நிம்மதியடைந்து அதனை அப்படியே ஒப்படைத்தார். இரண்டு வாரங்களுக்குப் பின் வேறொரு டிஸ்க் வந்து சேர்ந்தது. அதில் ஒன்றுமே இல்லை. வாரண்டி எனப்படும் உத்தரவாதம் கருவிக்கே உரியது, அதில் எழுதப்பட்ட விஷயங்களுக்கு உரியதன்று என்பதை அவர் அன்றுதான் உணர்ந்தார். இத்தகைய நஷ்டம் கள ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நேராதிருக்கும் பொருட்டு, டிஸ்க் பழுதுறும் விதத்தையும் அப்போது செய்யத்தக்கவற்றையும் இங்கே விளக்குவோம்.

டிஸ்க் இயங்கும் விதம்

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்க் சாதனத்தில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவையனைத்தும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துக்களையே தாங்கின. இன்று உள்ளங்கையளவுள்ள டிஸ்க் அதனைப்போல் பல லட்சம் மடங்கு தாங்குகிறது. எனினும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. ஹெட் எனப்படும் நுண்ணிய முனை அதன்மீது நகர்ந்து எழுதவும் படிக்கவும் செய்கிறது.

மேஜைக் கம்ப்யூட்டர்களிலுள்ள தட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது எனலாம். ஹெட் தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. தலைமயிரின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே இவ்விடைவெளி. ஆகவே, இயங்கும்போது டிஸ்க் கீழே விழுந்தாலும், தூசி உட்புகுந்தாலும், ஹெட் தட்டில் உராய்ந்து பூச்சைச் சிதைத்துவிடக்கூடும். மின்சாரம் திடீரென நின்றால், சுழலும் தட்டின் எஞ்சிய சக்தியைக் கொண்டே ஹெட் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. ஆயினும், எழுதிமுடியாத விஷயம் அவ்வேளையில் போய்விடும்.

பழுதின் அறிகுறிகள்

கோப்புகள் திறக்க வழக்கத்தைவிட நெடுநேரம் ஆதல், பிரதி எடுக்கையில் பாதியில் நின்றுபோதல், டிஸ்க் இடையிடையே மறைந்து மீண்டும் தோன்றுதல், கிளிக் ஓசை அல்லது உராயும் ஓசை கேட்டல் ஆகியவை முக்கியமான அறிகுறிகளாகும்.

மேலும், ஒவ்வொரு டிஸ்கும் தன் நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் 'ஸ்மார்ட்' என்னும் முறை உண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் அக்குறிப்பைப் படிக்கலாம். அதில் 5-ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்றிடம் அளிக்கப்பட்ட பகுதிகளைக் காட்டும். 197-ஆம் எண், படிக்க இயலாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகளைக் காட்டும். இவ்விரண்டின் தொகை நாளுக்குநாள் உயருமாயின் டிஸ்க்கை நம்பலாகாது. 199-ஆம் எண் மட்டும் உயருமாயின், குற்றம் பெரும்பாலும் இணைப்புக் கேபிளில் இருக்கக்கூடும். முதலில் கேபிளை மாற்றிப் பார்த்தல் நலம்.

2007-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவன ஆராய்ச்சியாளர்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். மேற்பரப்புச் சோதனையில் முதற்பிழை தோன்றிய டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் பழுதுறும் வாய்ப்பு, பிழை தோன்றாததைவிட 39 மடங்கு அதிகம் என அவர்கள் கண்டனர். அதே சமயம், பழுதுற்றவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் எதனையும் காட்டவில்லை. ஆகவே, அறிகுறி தோன்றினால் தாமதியாது செயற்பட வேண்டும். அறிகுறி தோன்றாமையைக் கொண்டு அஜாக்கிரதையாக இருத்தலும் கூடாது. நகரும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. வகைகள் ஓசையேதுமின்றியே பழுதுறக்கூடும்.

முதற் கடமை

டிஸ்க் மெதுவாகவேனும் இயங்குமாயின், புதிதாக ஒன்றும் எழுதாமல், இன்றியமையாத கோப்புகளை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும் வேறோர் இடத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும். பிழை திருத்தும் மென்பொருளை அதற்குமுன் ஓட்டலாகாது. நலிந்த டிஸ்கிற்கு அது மேலும் சுமையாகும். டிடிரெஸ்க்யூ என்னும் இலவசச் சாதனம், எளிதிற் படிக்கத்தக்க பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கடினமானவற்றுக்குப் பின்னர் திரும்பிவரும்.

கிளிக் ஓசை இடைவிடாது கேட்குமாயின் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். விஷயங்கள் விலைமதிப்பற்றவையாயின், தூசியற்ற அறையுள்ள மீட்பு நிலையத்தை நாடுவதே வழி. அங்கு டிஸ்க்கைத் திறந்தால் உத்தரவாதம் நிலைக்குமா என்பதை உற்பத்தியாளரிடம் முன்னதாகவே கேட்டறிதல் அவசியம். வீட்டில் மூடியைத் திறப்பதும், குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் கேடு விளைவிக்கும்.

உத்தரவாதத்தைப் பெறும் முறை

டிஸ்க்கின் மேல் அச்சிடப்பட்ட வரிசை எண்ணை உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் குறித்தால், உத்தரவாதம் எதுவரை உள்ளது என்பது தெரியவரும். இக்காலம் எல்லா டிஸ்குகளுக்கும் ஒன்றல்ல. 2011-ஆம் ஆண்டில் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கிய பின்னர், பெரிய உற்பத்தியாளர்கள் சிலவகை டிஸ்குகளுக்கு அதனைக் குறைத்ததுண்டு. கம்ப்யூட்டருடன் சேர்ந்து வந்த டிஸ்கிற்குப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் நிறுவனமே பொறுப்பாகும். டிஸ்க் உற்பத்தியாளர் அன்று.

ஸ்ரீராம்புரவாசிகள் எஸ்.பி. ரோடு கடைகளில் டிஸ்க் வாங்கும்போது, வரிசை எண் குறிக்கப்பட்ட பில்லைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஒப்படைக்கும்போது தேதியும் வரிசை எண்ணும் கண்ட ரசீது பெற வேண்டும். அனுப்புவதாயின், நிலைமின்சாரத்தைத் தடுக்கும் உறையிலிட்டு, நாற்புறமும் பஞ்சுபோன்ற மெத்தை வைத்துக் கட்ட வேண்டும். அடிபட்டதாலோ, திறக்கப்பட்டதாலோ நேர்ந்த பழுது பொதுவாக ஏற்கப்படுவதில்லை. மாற்றாகக் கிடைப்பது செப்பனிடப்பட்ட டிஸ்காகவும் இருக்கலாம்.

ஒப்படைத்த டிஸ்க் பொதுவாகத் திரும்பி வருவதில்லை. ஆகவே, இயங்குமாயின் அதிலுள்ளவற்றை முற்றிலும் அழித்துவிட்டே அளிக்க வேண்டும். சுழலாத டிஸ்க்கை அழிக்க இயலாது. எனவே மாணவர், பொதுமக்கள் பற்றிய விவரங்களைத் தொடக்கத்திலேயே கடவுச்சொல்லால் மறைகுறியாக்கி வைத்தல் உத்தமம். அலுவலக டிஸ்காயின் மேலதிகாரியின் அனுமதியின்றி வெளியே அனுப்பலாகாது.

உரிய மாற்றம் மறுக்கப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எவ்வூரினராயினும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கிடலாம். காரணம் எழுந்த இரண்டாண்டுகளுக்குள் அதனைத் தொடுத்தல் வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமில்லை.

முடிவுரை

முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருத்தலும், ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தலும் நலம். பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அது திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தலும் வேண்டும்.

மேற்கூறிய ஆசிரியர், பள்ளியின் காகிதப் பதிவேடுகளிலிருந்து மதிப்பெண் பட்டியல்களை மீண்டும் தயாரித்துக்கொண்டார். பாடங்களுக்குப் பதிவேடு ஏதுமில்லை. அவற்றை அவர் முதலிலிருந்து எழுதி வருகிறார். இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளி விட்டபின் இரண்டாவது டிஸ்கில் ஒரு பிரதி எடுத்துவிட்டே வீடு திரும்புகிறார்.