தொலைநோக்கித் தாங்கியின் உயரம்

தொலைநோக்கி வாங்குவோர் அதன் வில்லையின் அகலத்தை விசாரிப்பர். தாங்கியின் உயரத்தை விசாரிப்போர் அரியர். கழுத்தை முறித்துக்கொண்டும் முழந்தாளிட்டும் நோக்குபவருக்கு மங்கலான விண்மீன் எளிதில் புலப்படாது. உடல் தளர்ந்து அமர்ந்தபோதுதான் கண்ணும் நிலைகொள்ளும்.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இச்சிக்கல் சற்று வேறானது. அம்மலை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ நாலரைப் பாகையில் உள்ளது. லண்டனில் திருவாதிரை மீன் உச்சங் கடக்கையில் 46 பாகை உயரத்திலேயே நிற்கும். கேமரன் மலையிலோ தலைக்கு நேர்மேலிருந்து மூன்று பாகையே விலகிச் செல்லும். கோள்களும் அங்கு உச்சங் கடக்கும்போது ஏறத்தாழ 60 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. குழல் மேல்நோக்கி நிமிர நிமிரக் கண்வில்லை தாழ்ந்துபோகும் என்பது வெளிப்படை. ஆதலின் தாழ்வானம் நோக்க அமைந்த தாங்கி இங்கே காண்போரைத் தரையில் குந்த வைத்துவிடும்!

கணக்கு எளிது. குழல் திரும்பும் அச்சிலிருந்து கண்வில்லை வரை 60 சென்டிமீட்டர் என்று கொள்வோம். குழல் 30 பாகை நிமிர்ந்தால் கண்வில்லை அச்சிற்கு 30 சென்டிமீட்டர் கீழே வரும். 60 பாகையில் 52. நேர் உச்சியில் முழு 60. நாற்காலியில் அமர்ந்தவரின் கண்ணுயரம் 110 எனில், அச்சை 165 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் போதும். கோள்கள் உச்சங் கடக்கும் வேளையில் கண்வில்லை 113-க்கும் 105-க்கும் இடையே நிற்கும். எட்டே சென்டிமீட்டர் வேறுபாடு. ஒரு தலையணை தீர்த்துவைக்கும். ஐரோப்பிய அன்பர்களுக்கு இவ்வசதி வாய்ப்பதில்லை. ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் சிறு ஆடியையும் கண்வில்லைக்கு முன் பொருத்திக்கொள்ள வேண்டும். இன்றேல் உச்சியை நோக்க மல்லாந்து படுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

துருவ மீனை நோக்கி அச்சைச் சாய்க்கும் தாங்கி இங்கு ஏறக்குறையப் படுத்துவிடும். எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் இடிப்பதும் உண்டு. மேலுங்கீழும் இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கியே நன்று.

உயரத்திற்கு அடுத்தது அசையாமை. இதற்குச் சென்னை நுங்கம்பாக்கத்துப் பழைய வானாய்வகம் சான்று. 1792-இல் மைக்கேல் டாப்பிங் அமைத்த அக்கட்டடத்தில் கருவியைத் தாங்க ஏறத்தாழப் பத்து டன் எடையுள்ள கருங்கல் தூண் நிறுத்தப்பட்டது. வானாய்வுப் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறிய பின்னும், தமிழெழுத்தும் பொறிக்கப்பெற்ற அத்தூண் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. தமிழாசிரியர் சென்னை செல்லின் காணத்தக்கது அது.

தோட்டத்து வீட்டில் அத்தகைய தூண் வேண்டியதில்லை. மழையில் நெகிழ்ந்த மலைமண்ணில் முக்காலியின் கால்கள் புதையாதிருக்க, ஒவ்வொன்றின் கீழும் தட்டையான கல்லொன்று இடுக. கால்களுக்கிடையே மணல்மூட்டை தொங்கவிட்டால் காற்றசைவு குறையும். பனி நனைக்கும் மலையாதலின், மரச்சட்டங்களின் வெட்டு முனைகளுக்கும் தவறாது வண்ணம் பூசுக. ஈரம் முதலில் புகுமிடம் அதுவே.