ரோம் பயணம்: முன்பணம் கட்டுமுன்

2022 மே 15 அன்று மறைசாட்சி தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டதைக் காண, தமிழகத்திலிருந்து பலர் வத்திக்கான் போனார்கள். திண்டுக்கல் மாவட்டம் வடமதுரைக்காரர் ஒருவர் ரோமுக்குத் திருப்பயணம் போக நினைத்தால், பெரும்பாலும் ஏஜென்ட் வழியாகத்தான் போவார். சிக்கல் தொடங்கும் இடமும் அதுதான்.

“விசா கேரண்டி” என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். இத்தாலிக்கான ஷெங்கன் விசா கொடுப்பதும் மறுப்பதும் இத்தாலியத் தூதரகத்தின் முடிவு. பெரியவர்களுக்கான 90 யூரோ கட்டணம், மறுத்தாலும் திரும்பாது. ஆனால் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தருவார்கள், மேல்முறையீடும் செய்யலாம். விசா கிடைக்காவிட்டால் பேக்கேஜ் பணத்தில் எவ்வளவு திரும்ப வரும்? இதை முன்பணத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் உதவாது. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தப் பாலிசியின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஏஜென்ட் தரும் செலவுப் பட்டியலில் போப்பாண்டவரின் புதன் மறைக்கல்வி உரைக்கு டிக்கெட் கட்டணம் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். அந்த டிக்கெட் இலவசம். புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழையவும் கட்டணமில்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் சேலைக்கும் வேட்டிக்கும் அங்கே தடையில்லை.

ரோமில் பெரிய தொல்லை ஜேப்படி. தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்து இதற்குப் பேர்போனது. கையில் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்பவர்களிடம் கையையே நீட்டாதீர்கள். ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து பழைய நகர மதிலுக்குள் டாக்சி கட்டணம் 55 யூரோ. காருக்குத்தான், தலைக்கு அல்ல. தெருக்குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். அவசர உதவிக்கு 112. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீசில் புகார் எழுதி ரசீது வாங்குங்கள். பிறகு இந்தியத் தூதரகத்தில் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் கேட்கலாம்.

ரோமிலிருந்து திரும்பும் விமானம் பல மணி நேரம் தாமதமானால், ஐரோப்பிய விதிப்படி 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். மோசமான வானிலை காரணமென்றால் இழப்பீடு இல்லை; ஆனாலும் காத்திருக்கும்போது விமான நிறுவனம் சாப்பாடு தந்தாக வேண்டும்.

ஏஜென்ட் ஏமாற்றினால்? அவர் அலுவலகம் சென்னையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. கெடு 2 ஆண்டுகள். பில் வேண்டும், பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போயிருக்க வேண்டும். “என் ஜிபேவுக்கு அனுப்புங்கள்” என்றால் மறுத்துவிடுங்கள். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம்.